இரைச்சல் நீக்கம்

மூன்று சனிக்கிழமைகளைத் தின்ற முடிவு இது.
வுப்பர்டாலில் மழை.
தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு
தொங்குரயில் போகிறது.
கடையின் இரண்டாம் மாடியில்
ஒரே கிளி பதினெட்டுத் தரம் பறக்கிறது,
பதினெட்டு விலையில்.

கொரியாக்காரனின் கிளி கொஞ்சம் கூடச் சிவப்பு.
ஜப்பான்காரனின் கிளிக்கோ
கடன் வாங்காதவனின் நிதானம்.
இரண்டும் எழுபத்தேழு அங்குலம்.
எங்கள் சோபாவிலிருந்து சுவருக்கு
இரண்டு மீற்றர் தொண்ணூறு.
அளந்து உள்ளங்கையில் எழுதி வந்தேன்.
ஒன்பது மழையில் போய்விட்டது.

ஹெர் லூட்கே கறுப்பைப் பற்றிப் பேசுகிறார்.
இது சுத்தக் கறுப்பு என்கிறார்,
அது சாம்பல் கலந்த கறுப்பு,
இதற்குத்தான் மதிப்பு என்கிறார்.
இந்த நாட்டில் முப்பத்திரண்டு வருடம்.
கறுப்பைப் பற்றி இத்தனை மரியாதையாக
எங்களிடம் யாரும் பேசியதில்லை.
தவமலர் என்னைப் பார்த்தாள்.
நான் கிளியைப் பார்த்தேன்.

ஜப்பான் முந்நூற்றைம்பது யூரோ கூட.
அந்த முந்நூற்றைம்பது எங்கே இருக்கிறது
என்று கேட்டேன்.
பின்பக்கம் தட்டிக் காட்டினார். மூளையாம்.

அவள் கைப்பையைத் திறந்தாள்.
பாண் வாங்கிய ரசீது, மூட்டுவலித் தைலம்,
அடியில் ஒரு யூஎஸ்பி.
"கிளி எதிலையும் வடிவாய்த்தான் இருக்கும்.
இதைப் போடச் சொல்லுங்கோ."

தொண்ணூற்றெட்டு, ஹாகன்,
ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
எங்கள் மணவறை.
படம் பிடித்தவர் கிழமை நாட்களில் பீட்சா சுடுகிறவர்.

கொரியாவில் முதலில் போட்டார்கள்.
ஐயர் மெழுகுபோல் வழுவழுத்தார்.
என் மீசை மை தடவியதாயிற்று.
அவள் நாடியின் இடப்பக்கம்,
அரிசி மணி அளவில் ஒரு அம்மைத் தழும்பு,
அது இல்லை.
அழுக்கென்று நினைத்துத் துடைத்திருந்தது இயந்திரம்.

ஜப்பானில்
திரை முழுக்க மா அரித்ததுபோல் புள்ளி.
புள்ளிகளுக்கு நடுவில்
தழும்பு இருந்தது,
இருபத்தைந்து வயதில்,
தாலி ஏறுவதைக் குனிந்து பார்த்தபடி.

"கொரியாவை எடுப்பம்" என்றாள்.
"ஜப்பான்" என்றேன்.
ஒரே நேரத்தில்.

ஏன் என்று கேட்டாள்.
கடை நடுவே, பதினெட்டுக் கிளிகளுக்கு முன்னால்,
தமிழ் தெரியாத ஒருவர் எல்லாம் விளங்கியவர்போல் நிற்க,
அதை எப்படிச் சொல்வது?
"நிறம் நல்லாயிருக்கு" என்றேன்.
"நீங்கள் நிறம் கண்டனீங்கள்!
பச்சையெண்டு நீலச் சேட்டு வாங்கின ஆள்."

லூட்கே ரிமோட்டை எடுத்தார்.
அமைப்பு, படம், மேலதிகம், இன்னும் ஒரு கதவு.
நாலாம் கதவுக்குப் பின்னால்
'இரைச்சல் நீக்கம்' என்று ஒரு வரி.
அதிகம். குறைவு. இல்லை.
இரண்டு பெட்டியிலும் அதே வரி.
மனேஜர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு
மெதுவாகச் சொன்னார்:
மலிவானதை எடுங்கள்.

வியாழன் வந்தது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
இரண்டு பொடியள் பெட்டியைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும்
போலிஷில் திட்டினார்கள்.
சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது இப்போது.
ஊர்க் கலண்டரைக் குசினிக்கு மாற்றிவிட்டோம்.

சண்டை ஒன்றுமில்லை.
பின்னேரம் அவள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனதும்
நான் நாலு கதவையும் திறந்து
'இல்லை'யில் வைத்துவிட்டு
இரவு வேலைக்கு வெளிக்கிடுகிறேன்.
காலையில் வந்து பார்த்தால்
'அதிகம்'.
செய்தி வாசிப்பவருக்குச் சுருக்கமே இல்லை.
நான் கேட்பதில்லை. அவளும் கேட்பதில்லை.
தேத்தண்ணி ஆறுவதற்குள் குடிக்கிறோம்.

நேற்றுக் காலை மட்டும்
'குறைவு' என்றிருந்தது.