நான்காம் எண் டிராமின் மணல்

எல்ப்லாங் நகரத்து டிராம்களில்
இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய மணல் உண்டு.
பயணிகளுக்குத் தெரியாது.
அதன் மேலேயே உட்கார்ந்து
உருளைக்கிழங்கு விலை பேசிக்கொண்டு வருவார்கள்.
சலித்து, சுட்டு, ஈரம் போக்கிய மணல்.
தண்டவாளம் வழுக்கும் நாளில்
காலால் ஒரு மிதி,
சக்கரத்தின் முன்னே உதிரும்.

பொம்மைக்கு அடித்தளம் போட
இதைவிட நல்ல மணல் இல்லை என்பேன்.
தோபியாஷ் சிரிப்பான்.
அவன் கடையில் வாங்குகிறவன்,
டப்பா பதினெட்டு ஸ்வோத்தி.

என்னிடம் குட்டிச்சாத்தான்கள் நாற்பத்தொரு பேர்.
கட்டைவிரலின் முதல் கணு உயரம்.
பால்கனியில், மைனஸ் ஆறில், சாம்பல் பூச்சு அடித்தேன்.
ஆறு பேருக்கு உடம்பெல்லாம் சொரசொரப்பு,
அம்மை கண்டு தேறியது போல.
இருக்கட்டும்.
எந்தப் படையில்தான் அம்மைத் தழும்பு இல்லை?

பச்சை காய்ந்ததும் பழுப்புக் கரைசல்.
நிழல் தானாகவே போய்
சுருக்கங்களில் உட்கார்ந்துகொள்ளும்.
என் வேலை காத்திருப்பது,
தூரிகையைத் தேநீரில் கழுவாமல் இருப்பது.
(இரண்டு முறை குடித்திருக்கிறேன்.)
கண்கள்தான் கஷ்டம்.
இடது கண் சரியாக விழுந்துவிட்டால்
வலது கண் காதுப் பக்கம் போய்விடும்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஐந்து நாற்பது.
காதில் எதையோ செருகிக்கொண்டு ஒருவர்
தண்டவாளத்தில் இறங்கினார்.
மணி அடித்தேன்.
மிதித்தேன்.
பதினேழு டன் இரும்பு
அவருடைய தோள்பைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
திரும்பிப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கினார்,
வழிவிட்டவருக்கு நன்றி சொல்வது போல.
போய்விட்டார்.
எனக்குத்தான்
கடைசி நிறுத்தம் வரை முழங்கால் ஆடியது.

மதிய இடைவேளையில் அங்கே நடந்து போனேன்.
சக்கரம் ஏறிய மணல் மாவாகியிருந்தது.
கையுறைக்குள் ஒரு சிட்டிகை அள்ளினேன்.
நமக்கு மணலாக இருப்பது அவர்களுக்குக் கூழாங்கல்;
இது, அரைபட்ட இதுதான்,
அவர்கள் கால் விரலுக்கு மணல்.

தலைவனுக்கா? கொடி பிடிப்பவனுக்கா?
ஈட்டி எப்போதோ உடைந்து
தூக்கிய கை மட்டும் மிஞ்சிய ஒருவன் இருந்தான்.
அவனை எடுத்தேன்.
பசை தடவி, தூளைத் தூவி, ஊதினேன்.
குண்டூசி இரண்டின் தலையை வெட்டி
இணையாகப் பதித்தேன்.
பிர்ச் மரத்துக் காய்க்கொத்தை நசுக்கினால்
சிறகு விரித்த செதில்கள் உதிரும்,
அவன் காலடியில் அவை சருகுகள்.
தோளில் கறுப்பாக ஒரு பட்டை.
காதில் வெள்ளையாக ஒரு புள்ளி.
சரித்திரப் பிழைதான்.
குட்டிச்சாத்தான்களுக்கு ஏது சரித்திரம்.
விளிம்புக்குக் கறுப்பு அடித்து முடித்தபோது
ஜன்னலுக்கு வெளியே மே மாதம்.

சனிக்கிழமை தோபியாஷ் டிராகனோடு வந்தான்.
பகலில் பல் கட்டுகிறவன்.
டிராகனுக்கு நிஜப் பீங்கான் பற்கள்.
குனிந்து பார்த்தான்.
"இது என்ன, தண்டவாளமா? இவர்கள் காலத்திலா?"
"உருட்டு," என்றேன்.
அவனுக்கு ஒன்று விழாமல் இருந்தால் போதும்.
நாலு விழுந்தது.

தூக்கிய கையோடு அவனை எடுத்து
பஞ்சுப் பெட்டியில் வைத்தேன்.
நெருப்பு எந்தப் பக்கம் இருந்து வந்தது என்றுகூட
அவன் பார்த்திருக்க மாட்டான்.
அடுத்த சனிக்கிழமை மறுபடி நிற்பான்.
அதற்குள் அந்தக் குண்டூசிகளை
கொஞ்சம் தள்ளிப் பதிக்கலாமா என்று
இரவு முழுக்க யோசித்தேன்.

திங்கட்கிழமை பணிமனையில்
மணல் நிரப்புகிற லூத்விக் கேட்டார்:
"உன் வண்டியில் மட்டும் பெட்டி ஏன் குறைகிறது, இவோனா?"

பனி, என்றேன்.

அவர் தலையில் வியர்வை.
குனிந்து நிரப்பினார்,
வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக.