பன்னிரண்டாம் பக்கம்

கேப் வேண்டாம் என்றாள் நசீமா.
ஆயிரத்து எண்ணூற்று மூன்றில்
செவ்வாய்ப்பேட்டையில் யார் முதுகில் துணி பறக்கும்?
கும்பினிக் கிடங்கில்
இழை குறைவென்று கழித்துப்போட்ட துண்டு என்றேன்,
முத்திரை விழாதது.
அப்படியானால் பறக்கட்டும் என்றாள்.

நாயகி பெயர் வெள்ளச்சி.
கஞ்சமலையடியில் இரும்புமண் உலைக்குத்
துருத்தி அமுக்கியவள்.
ஒரு ராத்திரி உலை வெடித்து
(ஏதாவது வெடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சக்தி வராது)
எலும்பெல்லாம் எஃகு.

இரண்டாம் பக்கம்: தோட்டா நசுங்கி விழுகிறது. ணங்.
ஐந்து: திருமணிமுத்தாற்றில் வெள்ளம்,
பாரவண்டியை மாட்டோடு தூக்குகிறாள்.
ஒன்பதில் சேர்வராயன் உச்சியிலிருந்து ஒரே தாவல்;
ஃப்ளெக்ஸ் கடையைச் சாத்திய பிறகு
மூன்று இரவு உட்கார்ந்து வரைந்த மேகம் அது.

பன்னிரண்டில்தான் மாட்டிக்கொண்டோம்.
கச்சேரிக் கதவை உடைத்துவிட்டாள்.
உள்ளே துரை இல்லை, சிப்பாய் இல்லை.
ஒரு மேஜை. தறிவரிப் பேரேடு.
அதை எங்கே குத்துவது?
எரித்தால் நகல் சென்னைப்பட்டணத்தில் இருக்கும்.
கிழித்தால் நாளைக்கே புதுக் கட்டு வரும்,
கிழித்ததற்கும் சேர்த்து வரி போட்டு.

மூன்று வாரமாய் அந்தப் பேச்சுக்குமிழ் காலி.

நேற்று ஐந்து ரோட்டு டீக்கடையில்
வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
அவளைத் தரையில் உட்கார வை.
பேரேட்டைத் திறக்கட்டும்.
முதல் பெயரை எழுத்துக்கூட்டட்டும்.
எஃகு விரல், பழுப்புத் தாள்,
ஓர் ஓரமும் கிழியாமல் அவள் புரட்டுவதை
பதினாறு கட்டத்தில் வரை.
சத்தம் ஒன்றும் நான் எழுதப் போவதில்லை.