ஷட்டர்

எல்லோரும் அதைக் காவிரிப் பாட்டு என்கிறார்கள்.
போன குறுவைக்குத் தண்ணீர் வராதபோது
திருவாரூர் ரயில் மறியலில்
தண்டவாளத்தில் உட்கார்ந்து பாடினார்கள்:
'தொறந்து விடு, தொண்ட காயுது
தொறந்து விடு.'
ஒரு கான்ஸ்டபிள்கூட
லத்தியால் பூட்ஸில் தாளம் போட்டார்.

மேட்டூரை நினைத்து எழுதியதில்லை.

கொரடாச்சேரியில் ஓடாத ரைஸ்மில் ஒன்றின் கிடங்கு.
உமி, எலி, கடன் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்.
'வெட்டாறு' என்று எங்கள் பேண்டுக்குப் பெயர்.
இளவழகன் பாடுவான், கிட்டாரும் அவன்தான்.
பகல் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும்.
அதுவரை அவன் விரலில் பிக் நிற்காது.
குவார்ட்டர் இறங்கினால்
ஸ்ருதி தானாக வந்து உட்காரும்.
வாங்கி வந்தது பெரும்பாலும் நான்.
காரைக்காலில் மலிவு என்று
பெட்ரோல் போட்டுக்கொண்டு போனதும் நான்.

ஒரு வைகாசியில் அவனே சொன்னான்:
"மூணு நாள் பூட்டி வை. கத்தினாலும் தொறக்காத."
ஆறு பன், ஒரு குடம் தண்ணீர், ஒரு பக்கெட்.
ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தான்.
ரெண்டு அடி. நிறுத்தம். மூணு அடி.
தகரத்தில், உள்ளங்கையால்.
டிரம்ஸ் வாசிப்பது நான்தான்
ஆனால் அந்த அடி என்னுடையதில்லை.
வெளியே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து
தொடையில் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
நல்லா இருக்கே என்று.

பாட்டின் நடுவில் பன்னிரண்டு விநாடி ஒன்றுமே இருக்காது.
தஞ்சாவூர் கல்லூரிகளில் அங்கேதான் விசில் பறக்கும்.
'என்ன தைரியம்' என்று ஒருவர் எழுதினார்.
ராத்திரி அடி நின்றபோது
தூங்கிட்டான், பிழைச்சுட்டான் என்று
நான் டீ குடிக்கப் போனேன்.
உள்ளே உமியில் கிடந்தான்
பல் கிட்டி, வாய் ஓரம் நுரைத்து.
வலிப்பு.
சாவி துவாரத்தில் சேர மறுத்தது. அன்றைக்கு
நடுங்கியது என் விரல்.

வரிகளை எழுதியது மெடிக்கல் காலேஜ் வார்டில்,
ஓ.பி. சீட்டின் பின்பக்கம்.
யாரிடம் 'தொறந்து விடு' என்கிறாய் என்று
நான் கேட்கவில்லை.

மறியலில் அந்த நிசப்தம் வந்தது.
ஜனங்களுக்குத் தெரியாது, கைதட்டிக்கொண்டே போனார்கள்.
நான் மட்டும் தேடினேன்.
நாலு வரிசை தள்ளி நின்றான்
கையில் டீ கிளாஸ், ஆடாமல்.
பார்த்தது என் முகத்தை இல்லை,
சட்டைப் பையை.