தற்றுணிபு

பன்னிரண்டு இருக்கை விமானம்.
இன்றைக்கு ஏழு பேர்.
ஓடுபாதையின் முடிவில்
காற்றுப் பை
பாதி ஊதி, பாதி தொங்கிக் கிடக்கிறது.

முதலில் வந்தது தயிர்ச் சட்டி.
மேலே வாழையிலை, குறுக்கே சணல்.
சீவரத்தினம் புவிராணி, ஆயித்தியமலை.
"எருமைத் தயிர்கா. சம்மந்தி வீட்டுக்கு
முதல் தரம் போறன்.
வெறுங்கையோட போறதா?"

கையேட்டின் பதினோராம் பக்கம்
திரவத்துக்கு வரம்பு சொல்கிறது.
தயிர் திரவமா என்று சொல்லவில்லை.
கடைசி வரியில் மட்டும், சிறிய எழுத்தில்:
அதிகாரியின் தற்றுணிபுக்கு உட்பட்டது.

சட்டியைச் சரித்தேன்.
அசையவில்லை.
இன்னும் சரித்தேன்.
வரிசை முழுவதும் என்னோடு சரிந்தது.
சொட்டு விழவில்லை.
"கட்டி" என்றேன். "கொண்டு போங்க."
யாரோ பின்னால் கை தட்டினார்.

அடுத்தவர் சின்னலெப்பை ஜவ்ஸி,
காத்தான்குடித் தையல்காரர்.
கொழும்பில் ஒரு கலியாண உடுப்பு,
இடுப்பில் இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டுமாம்.
சாவிக் கொத்தைத் தட்டில் எறிந்தார்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

பைக்குள் கத்தரிக்கோல்.
அலகு ஆறு சென்ரிமீற்றர் வரை போகலாம்.
ஆணியிலிருந்து அளந்தால் ஆறரை.
கூர் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால்
ஐந்தே முக்கால்.
எங்கிருந்து அளப்பது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆணியிலிருந்து அளந்தேன்.

"மிஸ், இது என்ட கைக்குப் பழகினது.
வேற கோல் துணியைக் கடிச்சுப் போடும்."
"மறுகா வந்து எடுங்க."
அவர் கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை.
என் அடிமட்டத்தைப் பார்த்தார்.

போன கிழமை ஒரு தாதிக்கு
கூரிலிருந்து அளந்தது
எனக்கு நினைவிருக்கிறது.

வலையிறவில் ஒரு காலம்
என் அம்மாவின் பையைக் கொட்டினார்கள்.
படுவான்கரைக்கு பற்றரி போகக் கூடாது.
உள்பாவாடை மடிப்பில் நாலு வைத்திருந்தா.
ஆமிக்காரன் நாலையும் கையில் உருட்டினான்,
வானத்தைப் பார்த்தான்,
இரண்டைத் திருப்பித் தந்தான்.
எங்கள் றேடியோவுக்கு மூன்று வேண்டும்.

ஏன் இரண்டு?
வீடு வரும் வரைக்கும் அம்மா கேட்டா,
என்னை அல்ல, றோட்டை.
அந்த இரண்டும் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்து
வெள்ளையாய்ப் பூத்துக் கசிந்தன.
அவனிடமும் ஒரு கையேடு இருந்திருக்கும்.
எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்
இதே சொல் அதிலும் இருந்திருக்கும்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
நகத்தளவு.
'கூர்' என்று எழுதினேன்.
'சாவிச் சத்தம்' என்று எழுத இடம் காணாது.
ஆயித்தியமலைக்காரி சொன்ன 'கா'
அம்மாவின் 'கா' மாதிரியே இருந்தது
என்பதற்கும் காணாது.
ஒருவேளை அவருடைய பெயர்தானோ
என்று என்னைக் கேட்டேன்.
இல்லை என்றேன்.
கேட்டவளும் சொன்னவளும் ஒரே சீருடையில்
நிற்கிறோம்.

ஒன்பது நாற்பதுக்கு விமானம் கிளம்பியது.
வாவி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.
மேலே ஒரு சட்டி
இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறதோ.

தட்டில் கத்தரிக்கோல்.
விரல் போகும் வளையத்தில்
பழைய துணி சுற்றியிருந்தது, வியர்வையில் கறுத்து.
யாரும் இல்லாத கூடத்தில்
மறுபடி அளந்தேன், கூரிலிருந்து.
ஐந்தே முக்கால்.

பின்னேர விமானத்தில் கொடுத்து அனுப்பலாம்.
விமானி ஓம் என்றால்.
அது அவருடைய தற்றுணிபு.