துறை என்னும் கட்டம்

டுலூத்தில் நவம்பர் என்றால்
ஹீட்டர் போட்டதும் குழாய்க்குள் யாரோ
சுத்தியலால் தட்டுவார்கள்.
இரண்டாம் மாடி,
தின்பண்ட இயந்திரத்துக்கு அடுத்த கதவு.
அதில் என் பெயர் காகிதத்தில்;
ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு என்பதால்
பித்தளையில் பொறிக்கவில்லை.

அறிவிக்காதவர்கள் என்னிடம் வருவார்கள்.
இந்த ஆண்டு இருநூற்றுப் பதினேழு பேர்.
படிவத்தில் துறை என்ற கட்டம் காலி,
அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.
இவர்களில் மூன்று வகை என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.
நான் நாற்பது வரை எண்ணிவிட்டேன்:
அண்ணன் போன பிறகு பொறியியலை மூடியவன்,
ராணுவத்திலிருந்து வந்து
கதவைப் பார்த்தே உட்காருபவன்,
எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக்
கையைப் பிசைபவள்.

எலியாஸ் கங்காஸ் ஆறாம் முறை வருகிறான்.
ஈரக் காலணியை வாசலில் கழற்றுகிறான்
(ஏன் என்று நான் கேட்டதில்லை).
காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது.
இதுவரை எடுத்தவை
பாறையியல், பற்றவைப்பு, கூட்டுப் பாடல்,
பாதியில் விட்ட புள்ளியியல்,
தேனீக்கள் பற்றி ஒரே ஒரு கிரெடிட்.
விட்டதைத் தவிர எல்லாவற்றிலும் ஏ.
"எதுவும் பிடிக்காதவனுக்குச் சுலபம்,
எதையாவது எடுத்துவிடலாம்" என்கிறான்.

மென்பொருள் அவனைச் சிவப்பில் காட்டுகிறது.
அறுபது கிரெடிட் தாண்டினால் பதிவு பூட்டிக்கொள்ளும்.
வெள்ளி, மாலை ஐந்து மணி.
என் கையிருப்பு:
ஆர்வச் சோதனை ஒன்று
(அவனுக்கு வந்த விடை, கடலோரக் காவல் அல்லது பேக்கரி),
ஒரு சம்பளப் பட்டியல், ஒரு டிஷ்யூ பெட்டி.
டிஷ்யூதான் சீக்கிரம் தீர்கிறது.

சன்னலில் ஏரி.
கடல் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் திருத்துவதில்லை.
இரும்புத் தாது ஏற்ற வந்த கப்பலொன்று
நான்கு நாளாய் வெளியே நங்கூரமிட்டு நிற்கிறது.
எந்தத் துறை என்று கரையிலிருந்து இன்னும் சொல்லவில்லை.
அதை யாரும் சிவப்பில் காட்டவில்லை.
இரவில் எல்லா விளக்கும் எரிய நிற்கிறது.

"நீங்கள் என்ன படித்தீர்கள்?"

கேட்டுவிட்டான்.
ஓட்டல் நிர்வாகம் ஒன்றரை ஆண்டு.
அப்புறம் மீன்கள்.
பட்டத்தில் பொதுக் கல்வி என்று அச்சடித்திருக்கிறது,
எதிலும் கரையேறாதவர்களுக்குத் தருவது.
ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; வாய் தவறிவிட்டது.
"மீன்களை ஏன் விட்டீர்கள்?"
குழாய்க்குள் சுத்தியல்.
"குளிர்" என்றேன்.
அது பாதி உண்மை.

வெள்ளி, நாலு நாற்பது.
எலியாஸ் வந்தான், தனியாக இல்லை.
மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாளாம்
பா சியா வாங், முதல் பருவம்.
மருந்தியல் என்று எழுதச் சொன்னாராம் அப்பா.
நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்ததில்
கட்டம் இருந்த இடத்தில் காகிதம் கிழிந்து
அவள் மடி தெரிந்தது.
"இவளுக்கு நேரம் குறித்திருக்கவில்லை.
என் அரைமணியை எடுத்துக்கொள்ளட்டும்."
காலணியைக் கழற்றாமலே திரும்பிவிட்டான்.
தரையெல்லாம் பனிச்சேறு.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
பொறு என்று அவளிடம் கைகாட்டிவிட்டு
எலியாஸின் சிவப்பைத் திறந்தேன்.
நீட்டிப்பு, ஒரு பருவம்.
காரணம் கேட்டது இன்னொரு கட்டம்.
துறைக்காகக் காத்திருக்கிறார் என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

"அவர் எந்தத் துறை?"
மூக்கைத் துடைத்தபடி கேட்டாள் பா சியா.
பெட்டியில் அதுதான் கடைசித் தாள்.
அலமாரியில் இன்னொரு பெட்டி இருக்க வேண்டும்.
சேற்றை மிதிக்காமல் எழுந்தேன்.