தோன்றா எழுவாய்

முதல் செய்தி இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
"செர்ரோவில் துப்பாக்கிச் சூடு:
ஆயுதத்துடன் வந்தவர் பலி"
நான் பிழை திருத்துகிறவன்.
பலிக்குப் பின் புள்ளி விட்டுப்போயிருந்தது.
வைத்தேன்.
அச்சுக்குப் போனது.

காலையில் ஆயுதம், ஆயுதம் போன்ற பொருளாகியிருந்தது.
மதியம், உலோகப் பொருள்.
மாலைச் செய்தியில் அமைச்சகப் பேச்சாளர்
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"உருளை வடிவிலானது."

வெந்நீர்க் குடுவை என்று சொல்லிமுடிக்க
மூன்று நாள் பிடித்தது.
மொந்தெவிதேயோவில்!
பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவன் கக்கத்தில்,
நீதிபதியின் கக்கத்தில்,
சவ ஊர்வலத்தில் பின்தங்கி நடப்பவன் கக்கத்திலும்
மாத்தேக்கு வெந்நீர் இருக்கும் ஊரில்.
ரோந்து வண்டியிலும் ஒன்று இருந்ததாம்,
இருக்கைக்கு அடியில், பச்சை மூடி போட்டு.

மருந்துக்கடைக் கேமராவில் ஒலி இல்லை.
ஏபெர் இதுரால்தே அதில் பதினோரு நொடி நடக்கிறார்.
பிறகு இடப்பக்கம் திரும்புகிறார்,
தெரிந்தவர் யாரோ கூப்பிட்டது போல.
அதோடு சட்டகம் முடிகிறது.
நில் என்று இருமுறை சொன்னோம், இது அறிக்கை.
ஒருமுறைகூட இல்லை, இது பெட்டிக்கடை நிவ்யா.
பேருந்து ஓட்டுநருக்கு மூன்று வெடிச்சத்தம்.
மூன்றாம் மாடிக்காரருக்கு இரண்டு,
அதையும் முதலில் பட்டாசென்றே நினைத்தாராம்.
சவக்கிடங்குக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

தேடப்பட்டவன் போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை.
ஏபெருடையது நீலம், நான்தான் துவைத்தேன்
என்கிறார் மனைவி சுல்மா.
ஒரு ராத்திரி அந்தத் தெருவிளக்கின் கீழ்
போய் நின்று பார்த்தேன்.
என் சிவப்புக் கம்பளிகூடச் சாம்பல்தான்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
எந்தப் பக்கத்துக்குச் சாட்சியாகும் என்று தெரியாமல்.

படம் வேண்டும் என்றார்கள்.
எவனோ ஒருவன் திருவிழாப் படம் ஒன்றைத் தோண்டியெடுத்தான்.
முகமெங்கும் வெள்ளையும் கறுப்பும் பூசி,
வாயைப் பிளந்து, பாட்டின் நடுவில்.
சுற்றியிருந்த பதினாறு பாடகர்களையும்
வெட்டி எறிந்தபின்
அது பாடும் வாயாகத் தெரியவில்லை.
சுல்மா அடையாள அட்டைப் படத்தை அனுப்பினார்.
அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்றது
படப்பிரிவு.

பையனின் பெயர் மைகோல் சில்வேய்ரா.
இருபத்து மூன்று. வேலையில் ஏழாவது மாதம்.
நான்காம் சானலில் கொலைகாரன்,
பன்னிரண்டில் பலிகடா.
அவன் அம்மா ஜன்னல் கண்ணாடியில்
செய்தித்தாள் ஒட்டியிருக்கிறாள், வெளியிலிருந்து
கேமராக்கள் நுழையாதபடி.
எங்கள் தாள்தான். விளையாட்டுப் பக்கம் தெருவைப் பார்த்து.

துப்பாக்கி வெடித்தது என்றார் சங்கத்து வக்கீல்.
குண்டு பாய்ந்தது என்றோம் நாங்கள்.
துயரம் நிகழ்ந்துவிட்டது என்றார் அமைச்சர்.
சுட்டான் என்று எழுதினால்
வினையின் வாலிலேயே ஆள் தொங்குவான்,
பெயர் போடாவிட்டாலும்.
அவனை அறுக்க வேண்டுமானால்
வினையையே மாற்றவேண்டும்.
மாற்றினோம்.
இருபது வருடம் ஒற்றுப்பிழை பார்த்த கண்
அதில் பிழை ஒன்றும் காணவில்லை.

ஒன்பதாம் நாள் சுல்மா அலுவலகத்துக்கு வந்தார்.
வரவேற்பில் ஆளில்லை, நான் எழுந்துபோனேன்.
ஆயுதத்தைப் பற்றிக் கேட்பார்,
படத்தைப் பற்றிக் கேட்பார் என்று
வாய்க்குள் பதில்களை அடுக்கிக்கொண்டு.
மடித்த தாளைப் பிரித்து
விரல் வைத்துக் காட்டினார்.
"ஐம்பத்து நான்கு என்று போட்டிருக்கிறீர்கள்.
இன்னும் ஆகஸ்ட் வரவில்லையே."

மறுநாள் இரண்டாம் பக்கத்தின் அடியில்,
வானிலைக்கும் லாட்டரிக்கும் நடுவில்:
திருத்தம். வயது ஐம்பத்து மூன்று.
அதை நானே எழுதினேன்.
எந்தச் சானலும் மறுக்கவில்லை.
குடுவை இன்னும் நான்காம் எண் தடயமாக
பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது.
மூடியை இடப்பக்கம் திருகவேண்டும்,
மற்றதைப் போல இல்லை, உடைத்துவிடப்போகிறார்கள்
என்று வாசல்வரை போனவர் திரும்பிவந்து
என்னிடம் சொன்னார்.