கூட்டிக் கழித்துப் பார்த்தால்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ட்ரான்ஸ்கோனாவில் ஓரெஸ்ட் என்பவர்
கராஜில் நின்றபடியே காசை எண்ணிவிட்டுச் சொன்னார்:
வீட்டுக்குப் போனதும் கரண்ட் குடுத்திடாதே,
மூன்று மணித்தியாலம் சும்மா கிடக்கட்டும்,
உள்ளுக்குள் வியர்க்கும்.

அறுநூற்று நாற்பது டொலர்.
எட்டு வாய், இரண்டு வால், ஒரு சிவப்பு விளக்கு.
முகத்தில் திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை.
சம்மிங் மிக்சர் என்று பெயர்;
செய்வது கூட்டல் மட்டும்.

உடுப்புக் கூடைமேல் வைத்தேன்.
தகரம் பனித்துப் புகைமூடியது.
பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.
அடைகாக்கிறாயா என்று
படியில் நின்று கேட்டான் திலகன்.

எட்டு மணிக்கு வயர்கள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் மாஸ்கிங் டேப், பேனையால் எண்.
இன்டர்ஃபேஸின் ஒன்றும் இரண்டும் ஸ்பீக்கருக்கு, தொடக்கூடாது.
மூன்றிலிருந்து பத்துவரை பெட்டிக்கு.
பெட்டியின் இரண்டு வாலும் திரும்பி வந்து
இன்டர்ஃபேஸுக்குள்ளேயே நுழையவேண்டும்.

நுழைந்த சத்தத்தை எங்கே அனுப்புவதென்று
சொல்ல மறந்துபோனேன்.
வந்தது மறுபடி போய், போனது மறுபடி வந்து,
தன் வாலைத் தானே கடித்த நாய்போல் ஊளையிட்டது பேஸ்மென்ட்.
மேலே ஏதோ கண்ணாடி உடைந்தது.
ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று கத்தினேன்.

பிறகு ஃபர்னஸ்.
அது மூச்செடுக்கும்போதெல்லாம்
ஸ்பீக்கரில் ங்ங்ங் என்று
உயிர் சேராத ஒரு மெய்யெழுத்து.
எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் கொழுவியதும் அடங்கியது.
முழுக்க இல்லை.

இப்போது பாட்டு.
ஏழாவது வாயில் தர்மினி, எட்டாவதில் நிரோஜா.
அக்கா இங்கே வந்து, ஜக்கெற் கழற்றாமல்
இரண்டே தரத்தில் பாடிவிட்டுப் போனாள்.
தங்கை மொன்றியலிலிருந்து கோப்பாக அனுப்பினாள்.
நாலு வருடமாகக் கதைப்பதில்லை.
ஏனென்று நான் கேட்கவில்லை.
ஒற்றை எண்ணெல்லாம் இடப்பக்கம்,
இரட்டை எண்ணெல்லாம் வலப்பக்கம்,
அது பெட்டியின் சட்டம்.
ஆகவே இங்கேயும் அவர்கள்
ஆளுக்கொரு காதில் நின்று
பொதுவான ஒரு தாளத்தை முறைத்துக்கொண்டு பாடினார்கள்.

கம்ப்யூட்டர் கூட்டியது ஒன்று, பெட்டி கூட்டியது ஒன்று.
எது எதுவென்று சொல்லாமல் திலகனுக்குப் போட்டேன்.
கண்ணை மூடி, தலையாட்டி,
கம்ப்யூட்டரைத்தான் வடிவென்றான்.
எனக்கும், உண்மையைச் சொன்னால்,
வித்தியாசம் விளங்கவில்லை.
அறுநூற்று நாற்பது டொலர்.

கோபத்தில் கழித்துப் பார்த்தேன்.
இரண்டையும் அளவு சமப்படுத்தி,
நூற்றெழுபத்துமூன்று சாம்பிள் பிந்தி வந்ததை இழுத்துப் பொருத்தி,
ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதன்மேல் வைத்தேன்.
ஒரே பாட்டென்றால் ஒன்றும் மிஞ்சாது.
திரை கிட்டத்தட்ட நேர்கோடு.
அறுபது டெசிபெல் ஏற்றினேன்.

இரைச்சல், மண் சலிப்பதுபோல.
அதற்கடியில் ஃபர்னஸின் ங்.
அதற்கும் அடியில்,
தர்மினி மட்டும் இருக்கவேண்டிய இடக்காதில்
நிரோஜா.
சொல்லில்லை, சொல்லின் ஓரங்கள்:
ஒரு ச, ஒரு த, இழுத்த மூச்சு.
வலக்காதில் அக்கா, அதே அளவு மெலிதாய்.
பெட்டிக்குள் கம்பிகள் நெருங்கிப் போகும் இடத்தில்
ஒன்றிலிருந்து மற்றதற்குக்
கொஞ்சம் ஒழுகியிருக்கிறது.

கணக்குப்படி அது பிழை.
விலைப்பட்டியலில் அதைக் குறைவாகக் காட்டத்தான்
காசு வாங்குகிறார்கள்.

ஹெட்ஃபோனைக் கழற்றாமல் ஒரு மணிவரை இருந்தேன்.
நிரோஜாவிடமிருந்து மெசேஜ்:
என்ர குரல் சின்னனாக் கேக்குது,
அவவின்ரயைக் குறை.

ஓரெஸ்டிடமிருந்தும் ஒன்று: வேலை செய்கிறதா?
ஒழுகுகிறது என்று எழுதினேன்.
அழித்துவிட்டு,
நல்லா இருக்கு என்று அனுப்பினேன்.